தென்றலை முகரும் நாளில் சேவியர் வாங்கிய மீன்

என் மச்சினன் மகன் இர்ஃபான் கப்பலில் வேலை பார்க்கிறான். போன மாதம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"மாமா, போர்ட் சயித் போயிட்டு வர்றோம். நீங்க ஓயாம சொல்லுவீங்களே, அந்த ஊருதான்."

எனக்கு உடம்பெல்லாம் நிமிர்ந்துவிட்டது. "இறங்கிப் பாத்தியா?" என்றேன்.

"எங்க மாமா இறங்கறது? காலையில கட்டினோம், சாயங்காலம் அவுத்துட்டோம். கன்டெய்னர் சந்துல ஒரு பள்ளிவாசல் மினாரா தெரிஞ்சுச்சு. போட்டோ அனுப்புறேன், பாருங்க."

போட்டோவில் மினாரா கூடச் சரியாகத் தெரியவில்லை. இப்போதெல்லாம் கப்பல்கள் ஒரு துறைமுகத்தில் ஒரு பகல் நின்றாலே அதிகம். பையன்கள் உலகத்தைச் சுற்றிவிட்டு, ஒரு ஊரையும் பார்க்காமல் திருச்சிக்குத் திரும்பி வருகிறார்கள். நான் அந்த எகிப்து ஊரில் ஒரு வசந்தகாலம் முழுக்க, கட்டிப்போட்ட கப்பலையே வீடாக வைத்துக்கொண்டு வாழ்ந்தவன். அதை எழுதி அனுப்பச் சொல்லி இர்ஃபான் கேட்டான். அவனுக்காகத்தான் உட்கார்ந்தேன்.

என் பெயர் அப்துல் காதர். பெரிய கடை வீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ஓட்டலில் பரோட்டா அடிக்கக் கற்றேன். சவுதியில் தொழிலாளர் முகாம் ஒன்றில் பெரிய அண்டாக்களோடு மல்லுக்கட்டினேன். அரபி அங்கே ஒட்டிக்கொண்டது. பிறகு பம்பாயில் சான்றிதழ் வாங்கிக் கப்பலில் இரண்டாவது சமையல்காரனாக ஏறி, தலைமைச் சமையல்காரனாக இறங்கினேன். பழகிய காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கை சுட்டது, ஆறியது, மறுபடி சுட்டது.

கப்பலில் அடுப்படிக்குக் கேலி என்று பெயர். பெயர்தான் கேலி. அங்கே நடக்கிற வேலை விளையாட்டல்ல. நடுக்கடலில் இருபது பேருக்கு வயிறு கெட்டால் கப்பலை யார் ஓட்டுவது? இதை எனக்கு ஒரு வார்த்தை அதட்டாமல் புரியவைத்தவர் கேப்டன் சௌரிராஜன். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். காவிரிக்கு இந்தக் கரை நான், அந்தக் கரை அவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரே பஸ்ஸில் தொங்கியிருக்கலாம். ஆனால் முதலில் பார்த்துக்கொண்டது சிங்கப்பூரில், அவர் கப்பலில் நான் பெட்டியோடு ஏறியபோதுதான்.

"திருச்சியா? எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன்.

"அப்ப மலைக்கோட்டை உங்களுக்கு முதுகுப் பக்கம். எனக்கு எதிர்ப் பக்கம்," என்று சொல்லிவிட்டு, "எனக்காகத் தனி அடுப்பெல்லாம் வேண்டாம் பாய். கரண்டி மட்டும் கலக்காம பாத்துக்குங்க. போதும்," என்றார்.

அவர் சுத்த சைவம். வீட்டில் வெங்காயம் கூடக் கிடையாதாம். "கடல்ல வெங்காயத்துக்குத் தோஷமில்லை," என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்காமலே அவருக்கென்று ஒரு வாணலியும் இரண்டு கரண்டியும் வாங்கி, பச்சைத் துணி சுற்றித் தனி ஆணியில் மாட்டி வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். அன்று சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

தினமும் காலையில் சீருடை போட்டுக்கொண்டு கேலிக்குள் வருவார். வாசலில் நின்று, "வரலாமா?" என்று கேட்பார். அது அவர் கப்பல், எந்தக் கதவையும் அவர் தட்ட வேண்டியதில்லை. ஆனாலும் கேட்பார். மீன் நறுக்கும் பலகை, இறைச்சிப் பலகை, காய்ப் பலகை மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே கொண்டுபோவார். இறைச்சியை ஜென்மத்தில் தொடாத மனிதர், இறைச்சிப் பலகையை முகர்வார். குளிர்பெட்டிகளின் வெப்பமானியைத் தானே குனிந்து படிப்பார். கடைசியாக, "சாம்பிள்?" என்பார். ஒவ்வொரு வேளை சமையலிலும் ஒரு சிறு டப்பா எடுத்து, தேதி எழுதிக் குளிரில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். யாருக்காவது உடம்புக்கு வந்தால் எதனால் என்று பார்ப்பதற்கு. மற்ற கப்பல்களில் சோதனைக்கு ஆள் வரும்போது மட்டும் டப்பா வைப்பார்கள். இவர் கப்பலில் கஞ்சி காய்ச்சினாலும் டப்பா.

அந்தக் கப்பல் பழைய சரக்குக் கப்பல். மத்தியதரைக்கடலில் வந்துகொண்டிருந்தபோது இன்ஜினில் விரிசல் விட்டுவிட்டது. இழுவைக் கப்பல்கள் எங்களைப் போர்ட் சயித்துக்கு எதிரே, கால்வாயின் கிழக்குக் கரையில், போர்ட் ஃபுவாத் பக்கம் கொண்டுவந்து கட்டின. மாற்றுப் பாகம் ஐரோப்பாவில் வார்த்து வர வேண்டும். அதுவரை இங்கேதான் என்றார்கள். மாசி முடியப் போகிற சமயம் அது.

முதல் வாரம் எல்லாருக்கும் எரிச்சல். அடுத்த வாரம் பழகிவிட்டது. பிறகு பிடித்துப்போய்விட்டது. கடலில் ஆடிக்கொண்டே சமைத்தவனுக்கு, ஆடாத அடுப்பு எவ்வளவு பெரிய சுகம் தெரியுமா? பின்தளத்தில் மரப்பெட்டியில் மண் போட்டுக் கொத்தமல்லி விதைத்தேன், முளைத்தது. கைப்பிடிக் கம்பியெங்கும் லுங்கிகள் காய்ந்தன. விடிந்தால் பாங்குச் சத்தம், பிறகு எதிர்க்கரை போகும் பெரிய படகின் ஊதல். அந்தப் படகுக்கு டிக்கெட் கிடையாது. ஸ்கூல் பிள்ளைகள், காய்கறிக்காரிகள், கார்கள், எல்லாம் ஒன்றாக ஏறிப் போர்ட் சயித் போகும். நாங்களும் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அதில்தான் போவோம். மரப் பால்கனிகள் வைத்த பழைய வீடுகளின் அடியில் நடப்போம். சில நாள் பாலைவனத்திலிருந்து மணல்காற்று வரும். அன்றைக்குச் சன்னல்களை எல்லாம் அடைத்தாலும் சப்பாத்தி நறநறவென்று இருக்கும்.

கப்பல் ஏணிக்குக் காவலாக ஒரு பெரியவரை எங்கள் கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட் அனுப்பியிருந்தார். பெயர் ஹசன். அங்கே மூத்தவர்களை அப்பாவின் தம்பி முறை வைத்து அழைப்பார்கள். நான் நம் வழக்கப்படி சாச்சா என்றேன். அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என் சவுதி அரபியைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். கேப்டன் சைவம் என்று தெரிந்ததும், தினமும் காலையில் காகிதத்தில் சுற்றிய சூடான தஅமிய்யா வாங்கிவருவார். பயற்றை அரைத்துப் பொரித்த வடை அது. கேப்டன் முதல் கடியிலேயே, "மசால்வடைக்கு அத்தை பிள்ளை," என்றார்.

பங்குனி உத்திரம் வந்தது. அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் பெருமாளும் தாயாரும் சேர்த்தியாக இருக்கும் நாள். கேப்டன் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, வேட்டியோடு மேல்தளத்தில் கிழக்குப் பார்த்து நின்றார். முந்தின நாளே அவர் சம்சாரத்தை போனில் பிடித்து எனக்கு அக்காரவடிசல் சொல்லித்தரச் சொல்லியிருந்தேன்.

"பாய், அவசரப்படாதீங்கோ. அரிசி பால்லயே குழையணும். நெய்யை நினைச்சுப் பாத்து விடாதீங்கோ, கை சாய்ச்சு விடுங்கோ," என்றார் அந்த அம்மா.

கை சாய்த்து விட்டேன். கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். கப்பலில் இருந்த எல்லாருக்கும் ஒரு கிண்ணம் போனது. ஹசன் சாச்சா மூன்று கிண்ணம்.

அந்தக் கிண்ணத்தை வழித்து வழித்துத் தின்ற இன்னொரு ஆள் சேவியர். தூத்துக்குடிக்காரன். எங்கள் போசன் அவன்தான், அதாவது மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவன். நங்கூரம், கயிறு, பெயின்ட் எல்லாம் அவன் பொறுப்பு. பனைமரம் மாதிரி ஆள். ஈஸ்டரை அவன் இரண்டு தடவை கொண்டாடினான். தன் சபைக் கணக்கில் ஒன்று, அந்த நாட்டுக் கிறிஸ்தவர்கள் கணக்கில் பின்னால் வந்தது ஒன்று. "ஆண்டவர் ரெண்டு வாட்டி எந்திரிச்சா வேண்டாம்னா சொல்ல முடியும் பாய்?" என்பான்.

அந்த இரண்டாவது ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமைதான் அவர்களின் வசந்த விழா. ஷம்முன் நசீம் என்று பெயர். தென்றலை முகர்வது என்று அர்த்தம். முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பேதமில்லை. ஊர் மொத்தமும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தண்ணீர்க் கரைக்கு வந்துவிடும். அதற்கு முதல் நாள் சாயங்காலம் தெருமுனைகளில் ஆளுயரத் துணிப் பொம்மைகளைக் கட்டி எரித்தார்கள். நம் போகி மாதிரி இருந்தது. பிள்ளைகள் முட்டைகளுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

சாச்சா என்னையும் சேவியரையும் எதிர்க்கரைக்கு அழைத்திருந்தார். அவர் வீட்டாரோடு காலையிலேயே கால்வாய்க் கரைப் புல்லில் பாய் விரித்துவிட்டோம். எங்கே பார்த்தாலும் பாய், எங்கே பார்த்தாலும் பச்சை வெங்காயமும் கீரையும் முட்டையும். ஐந்து கம்பி வைத்த ஒரு சிறு யாழைத் தட்டிக்கொண்டு ஒருவர் பாட, கிழவர்கள் எழுந்து ஆடினார்கள். பத்தடி தள்ளி, மலை மாதிரி கப்பல்கள் சத்தமில்லாமல் நகர்ந்து போய்க்கொண்டிருந்தன. நான் அதுவரை எத்தனை தடவை அந்தக் கால்வாயைக் கடந்திருக்கிறேன். கப்பலிலிருந்து கரையைப் பார்த்திருக்கிறேன். கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கப்பலைப் பார்த்தது அன்றுதான்.

அப்போது சாச்சாவின் சம்சாரம் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். சேவியர் மூக்கை உயர்த்தினான்.

"பாய்! கருவாடு!"

அது ஃபசீக். மடவை மீனை லேசாக உலரவிட்டு, பீப்பாயில் உப்புப் போட்டு மாதக்கணக்கில் ஊறவைப்பது. சமைக்காமல் அப்படியே எலுமிச்சை பிழிந்து ரொட்டியோடு தின்பார்கள். வருஷத்துக்கு இந்த ஒரு நாள் அது இல்லாமல் விழா இல்லை. சாச்சா சொன்னார்: "இது எங்க அப்பா காலத்துல இருந்து வாங்குற கடை. ஆளைத் தெரிஞ்சு வாங்கணும். தெரியாத இடத்துல வாங்கினா ஆளையே கொன்னுடும்." நான் இரண்டு துண்டு தின்றேன். சேவியர் கணக்கில்லாமல் தின்றான். ஏழு மாதம் கருவாடு பார்க்காத தூத்துக்குடிக்காரன். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது, படகுத்துறைக் கூட்டத்தில் நான் முன்னால் நடந்தேன். அவன் பின்தங்கி, பிறகு ஓடிவந்து சேர்ந்துகொண்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை கேலிக்கு வந்தவன், "பாய், எனக்குக் கண்ணாடி போடணும் போல. நீ ரெண்டு பேரா தெரியுத," என்றான். வயசாகிறது என்று கிண்டல் செய்தேன். சாயங்காலம் டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்தான். டீ மூக்கு வழியாக வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தான். மறுபடியும் மூக்கு வழியாக வந்தது. என்னைப் பார்த்தான். அவன் இமைகள் இரண்டும் பாதி சாத்திய கதவு மாதிரி தொங்கின. ஏதோ சொன்னான். வார்த்தை குழறியது. குடித்தவன் பேச்சு மாதிரி இருந்தது, ஆனால் அவன் குடிப்பவனில்லை.

கேப்டனிடம் ஓடினேன். அவர் ஓடிவரவில்லை. வேகமாக நடந்து வந்தார். சேவியரை உட்காரவைத்து, நெற்றியைத் தொட்டார். காய்ச்சல் இல்லை. "கையைத் தூக்குங்கோ." பாதி தூரம் தூக்கினான். "என் விரலைப் பிடிச்சு அழுத்துங்கோ." அழுத்தினான். கேப்டன் முகத்தில் எதுவும் மாறவில்லை, ஆனால் என்னிடம் திரும்பி, "மூணு நாள் சாம்பிளும் எடுத்து வெளியில வைங்க பாய்," என்றார்.

என் கையால் ஆக்கிய சோறு ஒரு மனிதனை இப்படிச் செய்துவிட்டதா? டப்பாக்களை வரிசையாக மேசையில் வைத்தேன். கேப்டன் மருத்துவப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கப்பல்களுக்கு ஆலோசனை சொல்லும் டாக்டருக்கு போன் போட்டார். டாக்டர் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சேவியரிடம் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் சொன்னார். கடைசிக் கேள்வி: கப்பல் சாப்பாடு தவிர வேறு என்ன சாப்பிட்டான்?

சேவியர் தயங்கினான். பிறகு கையை அசைத்துத் தன் அறையைக் காட்டினான். கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. திறந்ததும் நெடி அடித்தது. படகுத்துறையில் எவனோ வாளியில் வைத்து விற்ற ஃபசீக். திங்கள் ராத்திரிச் சோற்றுக்கும் செவ்வாய் மதியச் சோற்றுக்கும் தொட்டுக்கொண்டிருக்கிறான்.

ஏணியடியில் இருந்த சாச்சா சத்தம் கேட்டு மேலே வந்தார். டப்பாவைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "எங்ககூட தின்னதுதானா? என் வீட்டு மீனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் கேப்டனுக்கு மொழிபெயர்த்தேன்.

கேப்டன் போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "பாய், அவர்கிட்டச் சொல்லுங்க. நீங்களும் அவர் வீட்டு மீனைத்தான் சாப்பிட்டேள். இதோ நிக்கறேள். அவர் மீன்ல குத்தமில்லை. இப்ப அவர் உதவி எனக்கு வேணும்."

அந்த அவசரத்திலும் அந்தக் கிழவரின் மனசை முதலில் எடுத்து ஓரமாகப் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனார். அதை நான் இன்றுவரை நினைத்துக்கொள்வேன்.

ஏஜென்ட் ஆபீஸில் யாரும் போனை எடுக்கவில்லை. சாச்சா கீழே ஓடினார். அவர் தங்கை மகனிடம் காய்கறி ஏற்றும் ஒரு சின்ன வண்டி இருந்தது, அதைக் கொண்டுவந்து நிறுத்தினார். சேவியரை நாற்காலியில் வைத்துக் கட்டி நாலு பேர் ஏணியில் இறக்கினோம். படகுத்துறையில் கார்களின் வரிசை நீண்டிருந்தது. சாச்சா வரிசையை ஒட்டி ஓடிக்கொண்டே, "ஃபசீக்! ஃபசீக்!" என்று கத்தினார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கின. கரையை விட்டு நகர ஆரம்பித்திருந்த படகு திரும்பி வந்து ஒட்டியது. முன்பின் தெரியாத ஒரு பெண் வண்டிக்குள் எட்டிப்பார்த்து, சேவியர் நெற்றியில் கைவைத்து துஆ ஓதிவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர். இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஃபசீக்கா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். விழா முடிந்த வாரம் இப்படி யாராவது வருவது அவர்களுக்குப் பழக்கம். கெட்டுப்போன மீனில் உண்டாகும் விஷம் நரம்புகளைக் கட்டிப்போடும், மேலிருந்து கீழாக இறங்கும், மூச்சு விடும் தசைக்கு வந்தால் ஆபத்து என்று விளக்கினார். முறிவு மருந்து தலைநகரிலிருந்து வர வேண்டும். மறுநாள் வந்தது. அதற்குள் சேவியரின் மூச்சு தளர்ந்து, தொண்டைக்குள் குழாய் போட்டு இயந்திரத்தில் இணைத்துவிட்டார்கள். மருந்து இனிமேல் பரவுவதைத்தான் நிறுத்தும், கட்டுப்பட்டது தானாகத்தான் அவிழ வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர்.

பிறகு அவர் சொன்னதுதான் எங்களை உலுக்கியது. "அவர் மயக்கத்தில் இல்லை. எல்லாம் கேட்கிறது, எல்லாம் தெரிகிறது. கண்ணைத் திறக்கத்தான் முடியவில்லை. அவரோடு பேசுங்கள்."

பனைமரம் போன்ற மனிதன், உள்ளே முழிப்போடு, வெளியே கல்லாகக் கிடந்தான். கேப்டன் படுக்கையருகே போனார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கட்டைவிரலால் சேவியரின் வலது இமையை மெல்ல மேலே தூக்கிப் பிடித்தார். அவன் பார்வைக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனார்.

"சேவியர், நான் கேப்டன். பாயும் இருக்கார். இதோ பாருங்கோ," என்று என்னை இழுத்து அந்தக் கண்ணுக்கு நேராக நிறுத்தினார். "மருந்து ஏத்தியாச்சு. குணமாயிடும், நாளாகும். உங்க வீட்டுல பேசியாச்சு. இனிமே கப்பல் சமாசாரம் சொல்றேன்."

சொன்னார். தளத்தில் எந்தப் பக்கம் துரு சுரண்டினார்கள், எந்தக் கயிறு நைந்திருக்கிறது, யார் பெயின்டைச் சிந்தினான். ஆறுதல் இல்லை, கடவுள் பேச்சு இல்லை. ஒரு போசன் தன் கேப்டனிடம் கேட்க விரும்புகிற அதே விஷயங்கள். அன்று மட்டுமல்ல, தினமும் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, படகேறி வந்து, இமையைத் தூக்கிப் பிடித்து அறிக்கை கொடுத்தார். முடித்ததும், "உத்தரவு வாங்கிக்கறேன்," என்பார். ஒரு நாள் பெயின்ட் சமாசாரம் சொல்லும்போது சேவியர் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. கேப்டன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இந்த நேரத்தில் இன்ஜின் பாகம் வந்து சேர்ந்தது. பொருத்திவிட்டார்கள். கப்பல் கிளம்பியாக வேண்டும். சேவியர் இன்னும் இயந்திரத்தில்தான் இருந்தான். கேப்டன் கேலி வாசலில் வந்து நின்றார். "வரலாமா?"

உள்ளே வந்து, வழக்கம்போல் பலகைகளை எடுக்கவில்லை. "பாய், உங்க ஒப்பந்தம் முடியப்போறது. அடுத்த துறைமுகத்துல நீங்க ஊருக்குப் போகணும். அதுக்குப் பதிலா இங்கேயே இறங்கி, சேவியர் விமானம் ஏறற வரைக்கும் கூட இருக்க முடியுமா? இது உத்தரவு இல்லை. கேக்கறேன். முடியாதுன்னா வேற வழி பாக்கறேன்."

எனக்கு ஊரில் மகளுக்கு நிறைமாதம். முதல் பிரசவம். போனில் என் சம்சாரம் ஜமீலாவிடம் சொன்னேன்.

"அவருக்குப் பக்கத்துல அவங்க வீட்டு ஆளு யாராச்சும் இருக்காங்களா?" என்றாள்.

"யாருமில்ல. உடனே வர்றதுக்கு அவங்கள்ட்ட பாஸ்போர்ட்டே இல்ல."

"அப்ப என்ன யோசனை? பெத்துக்கப் போறவ அவ, பாத்துக்கப் போறவ நான். நீங்க வந்து ஆஸ்பத்திரி வராண்டாவுல குறுக்க நெடுக்க நடக்கத்தான் போறீங்க. அதை அங்கேயே நடங்க."

கப்பல் போவதைக் கரையிலிருந்து பார்த்தேன். கேப்டன் கப்பல் ஓட்டும் மேல்மாடத்தின் ஓரத்தில் நின்று, என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

ஹசன் சாச்சா வீட்டில் ஒரு அறை கொடுத்தார்கள். பகலெல்லாம் ஆஸ்பத்திரி. கேப்டன் செய்தது போலவே இமையைத் தூக்கிப் பிடித்துப் பேசினேன். எனக்குக் கப்பல் சமாசாரம் தெரியாது. மார்க்கெட்டில் மீன் என்னென்ன வந்தது என்று சொன்னேன். என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்ததை, சாச்சா வீட்டாருக்குச் சொல்லும் முன் அவனுக்குத்தான் சொன்னேன். அவன் சம்சாரம் போன் செய்யும்போது காதில் வைத்துப் பிடிப்பேன். முதலில் நெற்றி அசைந்தது. பிறகு இமை தானாகத் திறந்தது. ஒரு நாள் குழாயை எடுத்தார்கள். இன்னும் சில நாள் கழித்து, வாயால் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

சாச்சா வீட்டு அடுப்படியில் அரிசியைக் குழையக் குழைய வேகவைத்து, மசித்து, வடிகட்டிக் கொண்டுபோனேன். பரோட்டா முதல் பிரியாணி வரை ஆயிரம் ஆயிரமாக ஆக்கியிருக்கிறேன். ஒரு கரண்டி கஞ்சிக்கு அப்படிப் பயந்ததில்லை. டாக்டர், சாச்சா, நர்ஸ் எல்லாரும் நின்றார்கள். சேவியர் வாங்கினான். தொண்டை ஏறி இறங்கியது. மூக்கு வழியாக எதுவும் வரவில்லை. பிறகு, துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு குரல் வந்தது.

"உப்பு இல்ல, பாய்."

சாச்சா என்னவென்று கேட்டார். நான் சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

ஊருக்கு வந்த பிறகும் அவன் கதை முடியவில்லை. கை கால்களில் பலம் வரவில்லை. சட்டைப் பித்தானை அவன் சம்சாரம்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. கம்பெனி டாக்டர் இரண்டு முறை பரிசோதித்துவிட்டு, கடலுக்குத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பினார். போனில் பேசினாலே, "கையி சொன்ன பேச்சு கேக்க மாட்டங்கு பாய்," என்பான். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

அடுத்த சித்திரையில் கேப்டன் விடுப்பில் ஊரில் இருந்தார். எங்கள் இரண்டு பேரையும் ஸ்ரீரங்கத்துக்குக் கூப்பிட்டார். சேவியர் ரயிலில் வந்தான். ஜங்ஷனில் பார்த்தபோது தோள் சுருங்கியிருந்தது. ஆட்டோவில் கூட்டிப்போனேன். அன்றைக்குச் சித்திரைத் தேர் என்பதே எனக்கு அம்மாமண்டபம் ரோட்டில் கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. துறையூர், தொட்டியம் பக்கத்துச் சனமெல்லாம் முந்தின நாளே வந்து, மூட்டை முடிச்சோடு வீதியில் படுத்து எழுந்திருந்தது. கேப்டன் வீடு தேரோடும் வீதியிலேயே இருந்தது. அவர் சம்சாரம் வாசலில் பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். சேவியருக்கும் டம்ளரில் ஊற்றிக்கொடுத்து, அவன் கடைசிச் சொட்டு வரை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நன்னா இறங்கறதா?" என்று மட்டும் கேட்டார்.

தேர் வந்து வீதி முனையில் நின்றுவிட்டது. வடம் எங்கள் பக்கம் வரை நீண்டு கிடந்தது. முன்கைக் கனம் இருக்கும். "ரெங்கா! ரெங்கா!" என்று சனம் பிடித்துக்கொண்டிருந்தது. கேப்டன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கடல்ல இருந்து இருந்து இதை நான் பிடிச்சு எத்தனையோ வருஷமாச்சு," என்றவர், சேவியரைப் பார்த்தார். "வரேளா?"

"நானா? என் கையி..."

"ஆயிரம் பேர் பிடிக்கறா. உங்க ஒருத்தர் கைக்காகத் தேர் நிக்காது. வாங்கோ."

சேவியர் என்னைப் பார்த்தான். "போ, செருப்பைக் கொடு," என்றேன். என்னுடையதையும் கழற்றி, மூன்று ஜோடிச் செருப்புகளோடு நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் இரண்டு பேரும் மறைந்துவிட்டார்கள். விசில் சத்தம். ஒரு பெரிய முனகல். வடம் தரையிலிருந்து மேலே எழுந்து விறைத்தது. தேர் கிறீச்சிட்டு, அசைந்து, நகர்ந்தது. என் பக்கத்தில் நின்ற தொட்டியத்துக் கிழவி ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் ஏதோ ஓதினேன்.

ரொம்ப நேரம் கழித்து, வியர்வையில் குளித்து இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். சேவியரின் சட்டை தோளில் கிழிந்திருந்தது. அவன் வலது உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே விரித்தான். வடத்தின் முறுக்கு அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது. ஓரிடத்தில் தோல் வழண்டு ரத்தம் கசிந்தது.

"விடல பாய்," என்றான். "முனை திரும்புத வரைக்கும் நான் விடவே இல்ல."

கேப்டன் அந்தக் கையை வாங்கினார். கேலியில் பலகையைப் பார்ப்பாரே, அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிச் சம்சாரத்தைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் மஞ்சள் கொண்டுவா. போசனுக்குக் கையில காயம்."